மூன்று வெளிச்சத்தில் ஒரு பச்சை

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. நனைந்த துணி மூட்டையைத் தரையில் போட்டால் வருமே, அந்தச் சத்தம்தான். தாராபுரத்திலிருந்து திருப்பூருக்குக் காரில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. இருட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை. எதிரே ஒரு பேருந்து கல்யாண மண்டப விளக்குகளையே முகத்தில் கட்டிக்கொண்டு வந்தது. அந்த வெளிச்சம் என் முன்கண்ணாடியில் பரவி, சாலை என்று எனக்குத் தெரிந்திருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இடதுபக்கம் ஒதுங்கினேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. இடதுபக்கம், கீழே.

நிறுத்தினேன். இறங்கிப் பின்னால் நடந்தேன். அதற்குச் சற்று முன்புதான் ஷிப்ட் முடிந்து சாலையோரமாக வரிசையாக நடந்துபோன வடக்கத்திப் பையன்களைத் தாண்டி வந்திருந்தேன். சிலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போன் வெளிச்சத்தில் பள்ளத்தைப் பார்த்தேன். தண்ணீர், வேலிமுள், யாரோ எறிந்த பிளாஸ்டிக் கவர். "யாருங்க அங்க?" என்று கேட்டேன். தெரிந்த இந்தியில் ஒருமுறையும் கேட்டேன். பதில் வராததில் நிம்மதி அடைவதா, அதற்கும் சேர்த்துப் பயப்படுவதா என்று தெரியவில்லை.

அங்கிருந்து வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. என் மனைவி ஹாரன் கேட்டு கேட்டைத் திறந்து வைத்தாள். வண்டியை உள்ளே விட்டேன். போர்ட்டிகோ டியூப்லைட்டில் இடதுபக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். கருநீல வண்டி. சேறு இருந்தது, துடைத்தேன். பள்ளம் இல்லை, ரத்தம் இல்லை, ஒன்றும் இல்லை.

"என்னுங், வந்ததும் வராததுமா வண்டியத் தொடைக்கறீங்க?"

"சேறு" என்றேன். அவள் என் முகத்தையும் கையிலிருந்த துணியையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வெயில் ஏறியதும் அதே இடத்துக்குப் போனேன். பக்கத்தில் ஒரு டீக்கடை இருந்தது. "ஏனுங்க, நேத்து சாயங்காலம் இங்க ஏதாச்சும் ஆக்சிடென்ட்டுங்களா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தார். "இன்சூரன்ஸுங்களா?"

"இல்லீங்க. சும்மா."

"சும்மா ஆரு இதைக் கேப்பாங்க? தெனமும் ஒண்ணு உண்டுங். நேத்து மழையில்லீங்களா, லீவு உட்டுட்டாங்களாட்ட இருக்குது."

அந்த நகைச்சுவையைக் கேட்டும் எனக்கு வியர்த்தது. விபத்து என்று சந்தேகம் வந்தால் காவல் நிலையத்தில் சொல்லவேண்டும் என்பது முறை. முறைகள் எனக்குத் தெரியும். வேறு எதுவும் தெரியாது என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். போனேன். அங்கிருந்த ஏட்டு பொறுமையாகக் கேட்டார். யார்மீது மோதினீர்கள்? தெரியாது. வண்டியில் அடையாளம் உண்டா? இல்லை. யாராவது புகார் கொடுத்தார்களா? அதை நீங்கள்தான் சொல்லவேண்டும். அவர் பேனாவை மூடினார். "பயத்துக்கெல்லாம் எஃப்ஐஆர் போட முடியாதுங் சார். போய்ட்டு வாங்க."

முறைகளில் உள்ள குறை இது. எல்லாவற்றுக்கும் வழி சொல்லும். பயத்துக்கு மட்டும் ஒரு வழியும் சொல்லாது. அடுத்த நாள்களில் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தை முதலில் புரட்டும் பழக்கம் வந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன். எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். நான் அல்லாத ஒருவன். யோசித்துப் பார்த்ததில் என் வண்டியின் பல்புகள் அகப்பட்டன. பழைய மஞ்சள் பல்பு. ஊர் முழுவதும் எல்ஈடி போட்டுக்கொண்டு என் கண்ணில் குத்த, நான் மட்டும் அகல்விளக்கோடு போய்க்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்? கம்பெனி கொடுத்த விளக்கை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்பதும் ஒரு விதிதான். அது எனக்குத் தெரியும் என்பதால் அதை மீற எனக்குத் தகுதி இருக்கிறது என்று முடிவுசெய்தேன்.

என் உத்தியோகத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஓய்வு பெறும்வரை, துணிக்குச் சாயம் ஏற்றும் ஒரு டையிங் ஆலையில் ஷேடு பார்ப்பது என் வேலை. சாயம் ஏறிய பனியன் துணி, அதை வாங்குகிற பையர் அனுப்பிய மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்லவேண்டும். அதற்கு லைட் பாக்ஸ் என்று ஒன்று உண்டு: உள்ளே சாம்பல் நிறம் பூசிய பெட்டி. பகல் வெளிச்சம், கடைகளில் எரியும் டியூப்லைட் வெளிச்சம், வீட்டு மஞ்சள் பல்பு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் போடலாம். மூன்றிலும் ஒத்துப்போனால்தான் லாட் வெளியே போகும். பகலில் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும் இரண்டு துண்டுகள் மஞ்சள் பல்பின் கீழ் வைத்ததும் முன்பின் தெரியாதவர்களாகிவிடும். ஆகவே ஒரே வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னவனை நான் மனிதனாகவே மதித்ததில்லை. "அந்தாளு கண்ணு, கண்ணல்ல, மிஷினு" என்று முதலாளி பையர்களிடம் சொல்லுவார். அதை மறுக்கவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

நெருப்பெரிச்சல் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பழக்கம். கடையில் எல்ஈடி பெட்டிகளைப் பரப்பினார். "மழையில சுத்தறதுன்னா சித்த மஞ்சளோடினது எடுத்துக்குங் சார். பளீர் வெள்ளையும் இருக்குது. எதை எடுத்தாலும் காசு நம்ம கல்லாவுக்குத்தான வருது."

நான் பெட்டிகளின் பின்புறத்தைப் படித்தேன். ஒன்றில் ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின் என்று போட்டிருந்தது. எங்கள் லைட் பாக்ஸின் பகல் வெளிச்சத்துக்கு உரிய எண் அது. பணிக்காலம் முழுவதும் நான் வெள்ளை என்று கையெழுத்துப் போட்டது அந்த வெளிச்சத்தில்தான். துணிக்குச் சரியாக இருந்தது சாலைக்கும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். திருப்பூர்க்காரனைத் தவிர வேறு எவனும் இந்தக் காரணத்துக்காகப் பல்பு வாங்கியிருக்கமாட்டான்.

முன்விளக்கு, பின்விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். பின்னால் சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்ஈடிதான் போடவேண்டும், வெள்ளை போட்டால் ரோஸ் அடிக்கும் என்று நானே சொன்னேன். "ஏனுங், நீங்களே ஒரு கடை போட்டுருங்க" என்றார் பாய். இண்டிகேட்டர் மாற்றியதும் படபடவென்று அடித்துக்கொண்டது. புது பல்பு கரண்டைக் குறைவாக இழுப்பதால் பழைய பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று வண்டி நினைத்துக்கொள்ளுமாம். அதற்கு ஒரு ரெசிஸ்டர் வைத்துச் சமாதானப்படுத்தினார். எனக்கும் அப்படி ஒன்று வைத்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிச்சம் எவ்வளவு உயரத்தில் விழுகிறது என்று சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்றேன். என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் வெள்ளை. மக்ரிப் தொழுகை முடித்துவிட்டு வருகிறேன் என்றவர், சொன்னபடி பொழுது மங்கும் நேரத்தில் வண்டியோடு வந்தார். சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டார். என் மனைவியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றாள்.

நான் சுவரைப் பார்த்தேன். "பாய், பழசையே திருப்பி மாட்டிட்டீங்களா?"

"என்னுங் சார் சொல்றீங்க?"

"வெண்ணெய்க் கலர்ல அடிக்குதே. நான் கேட்டது வெள்ளை."

"வெண்ணெயா? நீலம் கக்குதுங் சார். ஆஸ்பத்திரி லைட்டாட்ட இருக்குது."

"இதை வெள்ளைன்னு எவன் உங்களுக்குச் சொன்னான்?"

பாய் என் மனைவியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங் அம்மிணி."

"எனக்குக் கண்ணு கூசுது" என்றாள் அவள். "இவருக்கு எதுதான் வெள்ளையா இருந்திருக்குது? கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியவே திருப்பிக் குடுத்த ஆளு."

எனக்குக் கோபம் வந்தது. பீரோவில் கறுப்பு உறைக்குள் வைத்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்துவந்தேன். ஆலையில் வெளிச்சமே படாமல் நான் காப்பாற்றி வைத்திருந்த துண்டு அது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பால்கூடக் கொஞ்சம் அழுக்காகத்தான் தெரியும். அதை முன்விளக்கின் எதிரே விரித்துப் பிடித்தேன். துண்டும் வெண்ணெயாகத் தெரிந்தது. "பாருங்க, உங்க பல்பு எப்படி மஞ்சள் அடிக்குதுன்னு!" என்று வெற்றியோடு சொன்னேன்.

"ஏனுங், சோப்பு வெளம்பரமாட்டப் பளபளன்னு இருக்குது" என்றாள் மனைவி. இந்தமுறை அவள் குரலில் கேலி இல்லை.

விளக்கைச் சுற்றி மழைப்பூச்சிகள் பறந்தன. ஒன்று என் வலது கண்ணில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். துண்டு வெள்ளையானது.

கண்ணைத் திறந்தேன். வெண்ணெய். இடது கண்ணை மூடி வலதை மட்டும் திறந்தேன். வெண்ணெய்கூட இல்லை, டீத்தண்ணீரில் நனைத்த துணி. மறுபடி வலதை மூடினேன். வெள்ளை.

முதுகில் யாரோ ஈரக்கையை வைத்ததுபோல் இருந்தது. அந்தச் சோதனையை நான் எத்தனைமுறை செய்தேன் என்று தெரியவில்லை. ஒரு கண், மறு கண், ஒரு கண். "என்னுங் சார் ஆச்சு?" என்று பாய் கேட்டார்.

"பூச்சி" என்றேன்.

அன்று தூக்கம் இல்லை. பல்பு குற்றவாளி இல்லை. பேருந்தும் இல்லை. அப்படியானால் அந்தச் சாலையில் என் முன்னால் என்ன நின்றிருந்தாலும் நான் பார்த்திருக்கமாட்டேன். நான் பள்ளத்தில் தேடியதும் இதே கண்களை வைத்துத்தானே? "யாரும் இல்லை" என்று நான் எனக்கே கொடுத்திருந்த சான்றிதழைக் கையெழுத்துப் போட்டவனே செல்லாது என்று அறிவிக்கவேண்டியதாகிவிட்டது.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவயதுப் பெண். பேச்சில் திருநெல்வேலி இருந்தது. வலது கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"இருட்டுல வண்டி ஓட்டுவீகளோ?"

"ஓட்டுவேன்."

"இந்தக் கண்ண வச்சுக்கிட்டா?" நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "புரை நல்லா முத்திருக்கு. உள்ள லென்ஸ் டிகாஷன் கலர்ல இருக்கு. நீங்க பாக்குறதெல்லாம் அதுல வடிகட்டித்தான் வருது. இடதுலயும் ஆரம்பம்தான், அது பொறுக்கும்."

"கலர் எல்லாம்?"

"வெள்ளை மஞ்சளாத் தெரியும். கருநீலம், கரும்பச்சை, கறுப்பு மூணும் ஒண்ணு மாதிரித் தெரியும்."

கேட்க வந்ததைக் கேட்டேன். "எதிர்ல வண்டி வெளிச்சம் வரும்போது, ஓரமா ஒரு ஆள் நின்னா?"

"தெரியமாட்டாக" என்றார் சாதாரணமாக, எதையோ எழுதிக்கொண்டே. "ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க" என்றேன். எனக்கு அதுவும் தெரியாது என்று சொல்லவில்லை.

ஆபரேஷனுக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. கத்திக்குப் பயந்தேன். அதைவிட, நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டால் என்னவெல்லாம் கண்ணில் படுமோ என்று பயந்தேன். கட்டுப் பிரித்த காலையில் வார்டுச் சுவரில் இருந்த நீலம் என்னை அடித்தது. என் மனைவியின் சேலை நான் நினைத்திருந்த காப்பிப் பொடிக் கலர் இல்லை, ஊதா. "இத எப்ப வாங்கினே?" என்றேன். "போன தீவாளிக்கு நீங்கதான் எடுத்தீங்க" என்றாள்.

ஆட்டோவில் வீடு வந்து இறங்கினோம். போர்ட்டிகோவில் வண்டி நின்றது. அதன் கருநீலம் கழுவி விட்டதுபோல் துலங்கியது. அந்தக் கருநீலத்தில், இடதுபக்க பம்பரின் முனையில், விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கீறல் இருந்தது.

கரும்பச்சை. என் வண்டியின் நிறம் அல்ல. வேறு ஏதோ ஒன்றின் பெயின்ட்.

குனிந்து அதை விரலால் தொட்டேன். சாலையோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். பச்சைச் சைக்கிள் ஒன்று இருந்ததா? இருந்தது என்றது மனம். அன்று எனக்குப் பச்சையே தெரியாது என்பதுகூட மனதுக்கு ஒரு தடையாக இல்லை.

"ஏனுங்! குனியக்கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல?" என்று ஓடிவந்தாள் மனைவி.

"இது என்னது?"

"எது?"

"இந்தப் பச்சை. இந்தப் பச்சை எங்கிருந்து வந்துச்சு?"

"அதுங்களா" என்றாள். "நம்ம கேட்டு."

திரும்பி வாசல் கேட்டைப் பார்த்தேன்.

"அன்னிக்குத் தாராபுரத்துல இருந்து வந்தீங்கல்ல, அப்பக் கேட்டுல ஒரே தேய்ப்பாத் தேச்சுட்டு உள்ள வந்தீங்க. கரக்குன்னு சத்தம். நான் கதவப் புடிச்சுட்டு அங்கதான நின்னேன்? சித்த ஏமாந்திருந்தா என்ற கை போயிருக்கும். சட்டுன்னு எடுத்துட்டேன்."

"நீ எங்கே நின்னே?"

"கேட்டுலதானுங். தெனமும் எங்க நிப்பேன்?"

"சொல்லியிருக்கலாமே!"

"எதச் சொல்றது? எறங்கினதும் நேரா அந்த இடத்தயேதான தொடைச்சீங்க? கேட்டா சேறுங்கறீங்க. மூஞ்சி வேற பேயறைஞ்சாப்பல இருந்துச்சு. இடிச்சது தெரிஞ்சு மறைக்கறீங்கன்னு நெனச்சேன். செரி, வயசாச்சு, மானத்த வாங்க வேண்டாம்னு உட்டுட்டேன்."

இத்தனை நாள் நான் தேடிக்கொண்டிருந்த ஆள் என் எதிரே ஊதாச் சேலையில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை எனக்கு நன்றாகத் தெரிந்தது. விரல்கள், வளையல், நகம்.

ஆனால் நான் நானாகத்தானே இருப்பேன்? உள்ளே போய்ப் படுத்தபிறகு சந்தேகம் வந்தது. என் பயத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலுக்குச் சொல்கிறாளோ? ஊரில் பாதிக் கேட்டு இந்தப் பச்சைதான். பாதிச் சைக்கிளும் இதுவாக இருக்கலாம். பம்பரிலிருந்து ஒரு செதிலை நகத்தால் பெயர்த்து வெள்ளைத் துண்டின் மேல் வைத்தேன். வெயிலில் கேட்டோடு வைத்துப் பார்த்தேன். ஒத்துப்போனது. கேட்டின் ஓரத்தில் பம்பர் உயரத்துக்கே பெயின்ட் போயிருந்தது. இரவில் வெளிவிளக்கின் டியூப்லைட்டில் பார்த்தேன். ஒத்துப்போனது. மூன்றாவது வெளிச்சம் மஞ்சள் பல்பு. வீட்டில் அப்படி ஒன்று எங்கும் இல்லை, உள்ளே எல்லாம் எல்ஈடி. பாய்க்குப் போன் செய்தேன்.

"பழைய பல்பு இருக்குதுங்களா பாய்? திருப்பி மாட்டணும்."

"கழட்டறதுக்குங்களா அன்னிக்கு அத்தன அக்கப்போரு பண்ணுனீங்க?"

மறுநாள் பொழுது சாய வந்தார். வண்டியை வெளியே எடுத்துத் திருப்பி, கேட்டைப் பார்த்து நிறுத்தினார். கழற்றுவதற்கு முன்னால் எல்ஈடியை ஒருமுறை போடச் சொன்னேன். புதுக்கண்ணால் பார்த்தேன். சரியான நீலம். குத்தியது. இதைப் போட்டுக்கொண்டு எதிரே வருகிறவன் கண்ணில் என் பயத்தை ஏற்றிவிட இருந்தேன். "ரிஜெக்ட்" என்றேன். பாய் தலையில் அடித்துக்கொண்டு பழையதை மாட்டினார்.

மஞ்சள் வெளிச்சம் கேட்டில் விழுந்தது. மனைவி வழக்கம்போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் செதிலைக் கேட்டின்மேல் வைத்தேன். மஞ்சளின் கீழும் அது அதே பச்சைதான். எங்கே செதில் முடிகிறது, எங்கே கேட்டு தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

சாலையில் கேட்ட சத்தம் என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது. குழியாக இருக்கலாம். வண்டியில் வேறு அடையாளம் எதுவும் இல்லை. அதையும் புதுக்கண்ணால் அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டேன்.

செதிலை எடுத்துக்கொண்டு திரும்பியபோது வெளிச்சம் என் முகத்தில் நேராக அடித்தது. வண்டி தெரியவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவள் தினமும் நிற்கிற இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னுங் சார், பாஸா?" என்று வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து பாயின் குரல் கேட்டது.

"ஷேடு பாஸ்."

"ஓட்டற ஆளு?" என்றாள் என் மனைவி.

"இடது கண்ணு ஆபரேஷனும் முடியட்டும். அப்பறம் டாக்டரம்மா சொல்லட்டும்" என்றேன். "சாவி உங்க கிட்டயே இருக்கட்டும் பாய், வண்டிய நீங்களே உள்ள உட்டுருங்க."

அவர் கியரைப் போட்டார். நான் என் மனைவியின் கையைக் கேட்டிலிருந்து எடுத்து, அவளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "அவரு நல்லாத்தானுங் ஓட்டுவாரு" என்று முணுமுணுத்தாள். வண்டி உள்ளே போய் என்ஜின் நின்றபிறகும் அந்தக் கையை நான் விடவில்லை.